சைவப் பூனையின் வாய்க்குள்

உலக வரலாற்றில் கொலைத்தொழிலை மனமுவந்து கைவிட்ட முதலாவது பூனை கோப்பாயில் வாழ்ந்துவருகிறது.

ஜீவகாருண்ய சபையின் துண்டுப்பிரசுரத்தில் இந்த வாக்கியம் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதன் கீழே பூனையின் படம். நெற்றியில் திருநீறு. பூசும்போது அது கையைப் பிறாண்டியதால் மூன்று குறியும் ஒரு பக்கமாக இழுபட்டு, எங்கேயோ அடிபட்டு மருந்துப் பவுடர் போட்டுவிட்ட பூனைபோல இருந்தது. மனமுவந்துதான் கைவிட்டதா என்று அதனிடம் யாரும் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

பூனையின் பெயர் தயாபரி. பெயரை வைத்தவர் சபையின் தலைவர் தியாகலிங்கம். உதவிக் கல்விப் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற விஷயத்தை வாசல் படலையில் தொங்கும் பெயர்ப்பலகைக்கு அவர் இன்னும் அறிவிக்கவில்லை. அவருடைய மனைவி குணலட்சுமி பூனையைப் பூசி என்று கூப்பிடுவார். பூனை அதற்குத்தான் வரும். தயாபரி என்று கூப்பிட்டால், அப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடும் என்பதுபோலப் பேசாமல் படுத்திருக்கும்.

பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வேலை முடிந்ததும் தியாகலிங்கத்துக்கு ஊராரின் குசினிகள் கண்ணில் பட்டன. கோப்பாயில் பெரும்பாலானவர்கள் வெள்ளிக்கிழமை சைவம், கோயில் கொடியேறினால் சைவம், மற்ற நாட்களில் மீன் என்று நிம்மதியாக வாழ்ந்துவந்தார்கள். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. இந்த ஏற்பாட்டில் கடவுளுக்கே முறைப்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. தியாகலிங்கத்துக்கு இருந்தது. அவர்களை அவர் 'பகுதிநேரச் சைவர்கள்' என்றார். சபையைத் தொடங்கினார். தொடக்க விழாவன்று தன் வீட்டு மச்சச் சட்டிகளை எல்லாரும் பார்க்கக் கிணற்றடியில் போட்டு உடைத்தார். ஒரு சட்டி குறைந்தது. அது எப்போதோ உடைந்துவிட்டதென்று குணலட்சுமி சொன்னார்.

ஒரு கூட்டத்தில் யாரோ எழும்பி, பூனையைக் கடவுள் மீன் தின்னத்தானே படைத்தார் என்று கேட்டுவிட்டான். அதற்குப் பதிலாக வந்ததுதான் தயாபரி. இருபாலைச் சந்திச் சைக்கிள் கடையில் குட்டியாக எடுத்த பூனை. அதற்குக் காலையும் மாலையும் வெள்ளித் தட்டில் தயிர்ச்சோறு வைக்கப்பட்டது. சற்றுநேரம் கழித்துப் பார்த்தால் தட்டு வெறுமையாக இருக்கும். பள்ளிப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. தட்டை வெறுமையாக்கியது மதிலில் குந்தியிருந்த காகங்கள். பூனை தள்ளியிருந்து காகங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், சோற்றைத் திரும்பியும் பாராது. இந்தக் காட்சியைத் தியாகலிங்கம் ஒருநாள் தற்செயலாகக் கண்டார். அடுத்த கூட்டத்தில் 'பூனையின் விருந்தோம்பல்' என்ற தலைப்பில் பேசினார்.

அவர் எழுதவும் செய்தார். 'பூனைக்கு எலும்பு தேவையா?' என்ற அவருடைய கட்டுரையில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்று, எலும்பு தின்பது பூனையின் இயல்பல்ல, கெட்ட சகவாசத்தால் வந்த பழக்கம். இரண்டு, சமைத்த எலும்பு பூனையின் தொண்டையையும் குடலையும் கிழித்துவிடும். முதலாவதை எந்தப் பூனையும் ஒப்புக்கொள்ளாது. இரண்டாவது உண்மை. அது உண்மை என்பதுதான் பிறகு அவரை இரவு முழுவதும் நித்திரை கொள்ளவிடாமல் செய்தது.

ஏனென்றால் புதன்கிழமைகள் இருந்தன.

புதன்கிழமைகளில் தியாகலிங்கம் நூல்கள் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவார். நூல்களையும் பார்ப்பார். அதன்பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், திரை போட்ட அறையில் இருந்து புட்டும் கோழிப் பொரியலும் சாப்பிடுவார். எதிரியின் பலத்தை அறிந்துகொள்ளவே இது என்று முதல் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாவது தடவையிலிருந்து ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவ்வளவோடு நின்றிருக்கலாம். ஆனால் அப்படியொரு புதன்கிழமை வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தபோது பூனை அவருடைய விரல்களை மோந்துவிட்டு, காலைச் சுற்றிச் சுற்றி வந்து, மடியில் ஏறிப் படுத்துவிட்டது. தியாகலிங்கம் அசையாமல் இருந்தார். உத்தியோக காலம் முழுவதும் அவரைக் கண்டு எழும்பி நின்றவர்கள் ஏராளம். தாங்களாக விரும்பிக் கிட்ட வந்தவர்கள் என்று யாரும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த புதன்கிழமை, சபையின் துண்டுப்பிரசுரக் கட்டுக்கு நடுவே, சாப்பாட்டுத் தாளில் மடித்த பொரித்த கழுத்தெலும்புகள் சில கோப்பாய்க்கு பஸ்ஸில் வந்தன. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அவரும் பூனையும் சந்தித்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஒரு புதன்கிழமையும் தவறியதில்லை.

குணலட்சுமிக்குத் தெரியாதென்று நினைத்தார். புதன்கிழமை அவர் வந்து சேரும் நேரம் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகையாக இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது ஊர்வழக்கம், புதன்கிழமையும் போடுவது தன் மனைவியின் பக்தி என்று அவர் இரண்டு மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். புகைக்குள் தன் சட்டையின் மணம் அடிபட்டுப்போவது அவருக்கும் வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டம். தலைவர் தெரிவு. சபையின் செயலாளர் சீவரத்தினம், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், தலைவர் பதவி சுற்றிவர வேண்டும் என்று கொஞ்சநாளாகச் சொல்லித் திரிந்தார். சுற்றி எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் புது வேட்டி எடுத்திருந்தார். தியாகலிங்கம் அதற்கெல்லாம் கலங்கவில்லை. மேடையில் தயாபரியை இருத்தினால் போதும், சபை அவர் பக்கம்.

அதற்கு முன் வந்த புதன்கிழமை இரவு, பூனை மேசைக்குக் கீழே போய்ப் பதுங்கியது. வாயிலிருந்து வீணி வடிந்தது. முன்னங்காலால் வாயைத் தட்டித் தட்டி, ஓங்காளித்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

மயிர்க் கட்டியாக இருக்கும் என்றார் தியாகலிங்கம்.

"மயிர்க் கட்டிக்கு உப்பிடி வீணி வடியாது," என்றார் குணலட்சுமி. "பல்லி கில்லி பிடிச்சுதோ தெரியாது."

"தயாபரி பல்லி பிடிக்கிறதில்லை."

"அப்ப தயிருக்கை ஏதும் கிடந்திருக்கும்."

"தயிருக்கை என்னப்பா கிடக்கும்?"

இந்த இடத்தில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறந்து பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. விடிந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதென்று முடிவானது. தியாகலிங்கம் படுக்கையில் கிடந்து தன் கட்டுரையின் இரண்டாவது முடிவை மனப்பாடமாகச் சொல்லிப்பார்த்தார். நல்ல நடையில்தான் எழுதியிருந்தார். 'கண்ணாடித் துண்டுபோல் குடலைக் கிழித்து' என்ற இடம் இப்போது வாசிக்கக் கொஞ்சம் கடுமையாக இருந்தது.

காலையில் பூனையைப் பனையோலைக் கூடையில் துவாய் விரித்து வைத்து, படலையடியில் ஓட்டோவுக்குக் காத்து நின்றார்கள். கொழும்புத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிவரும் சிமியோன் அந்த வழியாக வந்தார். அந்த ஒழுங்கைக்குள் மீன்காரர் ஹோர்ன் அடிக்கக்கூடாதென்று சபை தீர்மானம் போட்டிருந்தது. சிமியோன் தீர்மானத்தை மதித்து, எஞ்சினை மட்டும் ஒருமுறை உறுமவிட்டார். இரவு முழுக்கத் தலை தூக்காத பூனை கூடைக்குள் எழும்பி நின்றது. நின்று ஓங்காளித்தது.

"என்ன ஐயா, பூசிக்குச் சுகமில்லையோ?"

"தயாபரி," என்று திருத்தினார் தியாகலிங்கம்.

"நேற்றைக்கு வேலிக்கரையிலை நல்லாத்தானே நிண்டது."

"ஓட்டோ வந்திட்டுது, ஏறுங்கோ," என்றார் குணலட்சுமி.

ஓட்டோ அப்போது ஒழுங்கை முகப்பில்கூட இல்லை. ஆனால் சிமியோன் புறப்பட்டுவிட்டார்.

டொக்டர் தர்சினியின் சிகிச்சை நிலையம் ஒரு பழைய வீட்டின் முன்பக்கம். விறாந்தையில் காத்திருப்பவர்கள் இருப்பதற்கு ஒரு மர வாங்கு. உள்ளே மேசை. இரண்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர், அதற்கு மேலே பழைய சீலையைக் கிழித்துத் தைத்த ஒரு திரை. உள்ளே நாய் மூச்சுவிட்டால் வாங்கில் இருப்பவருக்குக் கேட்கும்.

வாங்கில் சீவரத்தினம் இருந்தார். பக்கத்துத் தூணில் ஒரு ஆட்டுக்கிடாய் கட்டியிருந்தது. உடம்பு நிறையக் கறுப்பு மயிர், அதற்குள் அதிகம் சதையில்லை.

தலைவரும் செயலாளரும் ஒருவரையொருவர் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டார்கள். தயாபரிக்கு என்ன என்று செயலாளர் கேட்டார். சின்னத் தடிமன், இரண்டு தும்மல் என்றார் தலைவர். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வந்துவிடும்தானே என்று செயலாளர் கவலைப்பட்டார். வராமல் என்ன என்றார் தலைவர். கிடாய் ஏது என்று பதிலுக்கு விசாரித்தார்.

"சும்மா ஒரு ஆசைக்கு," என்றார் சீவரத்தினம். "பார்க்கப் பாவமாய் நிண்டுது. ஜீவகாருண்யம்தானே, தலைவர்."

டொக்டர் பூனையை முதலில் கூப்பிட்டார். டொக்டருக்கு இளம் வயது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தியாகலிங்கம் பரிசோதனைக்கு வந்தபோது கடைசி வாங்கில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தவர். இப்போது அவர் நின்றார், தியாகலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். டொக்டர் பூனையின் வாயைத் திறக்கப் பார்த்தார். பூனை விடவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு கடைசியாக என்ன சாப்பிட்டது என்று கேட்டார்.

"தயிர்ச்சோறு," என்றார் தியாகலிங்கம், விறாந்தைக்கும் கேட்கத்தக்கதாக.

"தயிர்ச்சோறு வாய்க்குள்ளை இறுகாது, சேர். இது எலும்பாய் இருக்கவேணும்." டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டு நேரே பார்த்தார். "மயக்க ஊசி போட்டுத்தான் வாயைப் பார்க்கலாம். அதுக்கு முதல் எனக்குத் தெரியவேணும். என்ன எலும்பு, பச்சையோ சமைச்சதோ, எப்ப, எத்தனை. பச்சை எலும்பெண்டால் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், எண்டாலும் நல்லதில்லை. அவிச்சது, பொரிச்சதெண்டால் ஊசி ஊசியாய்ச் சிதறும். வயித்துக்கை துண்டு போயிருந்தால் நான் வாயை மட்டும் பார்த்து அனுப்பேலாது. பூனை எலும்பு ஒண்டும் தின்னேல்லையெண்டு நீங்கள் சொன்னால், நான் அதை நம்பித்தான் ஊசி போடுவன். பிழைச்சால் பூனைதான் சாகும்."

திரைக்கு அப்பால் வாங்கு சத்தமில்லாமல் இருந்தது. அது வழக்கமாக மனிதர்கள் காதைத் தீட்டும்போது வரும் அமைதி. கிடாய்கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

தியாகலிங்கம் தொண்டையைச் செருமினார். கூட்டங்களில் இக்கட்டான கேள்வி வந்தால் முதலில் கேள்வியைப் பாராட்டுவார். அதைச் செய்தார். பிறகு பூனையின் சமிபாட்டு முறை பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் சொன்னார். டொக்டர் குறுக்கிடவில்லை. பூனை அவருடைய மணிக்கட்டில் முகத்தை வைத்துக்கொண்டு வீணி வடித்தது. வீணியில் மெல்லிய சிவப்பு தெரிந்தது.

"ஒரு பேச்சுக்கு எடுப்பம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒரு பூனை. இந்தப் பூனையெண்டு நான் சொல்லேல்லை. ஒரு கோழியின்ரை கழுத்தெலும்பை..."

"பச்சையோ, சேர்?"

"பொரிச்சது."

"எத்தனை?"

"மூண்டு. பெருவிரல் அளவு. ஒண்டிலை கொஞ்சம் சதை இருந்தது."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம். பஸ்ஸாலை வந்த உடனை."

"ஆர் குடுத்தது?"

இந்தக் கேள்விக்கும் வைத்தியத்துக்கும் தொடர்பில்லை. டொக்டரே பிறகு அதை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் தியாகலிங்கத்துக்கு எந்தக் கேள்வி பூனையைக் காப்பாற்றும், எது காப்பாற்றாது என்று பிரித்தறியும் நிதானம் இல்லை. திரையைப் பார்த்தார். அதற்கு அப்பால் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. மணிக்கட்டைப் பார்த்தார்.

"நான்தான் குடுத்தனான்," என்றார். "புதனுக்குப் புதன் நான்தான் குடுக்கிறனான். மூண்டையும் திண்டது, நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். ஊசியைப் போடு, பிள்ளை."

வாங்கு கிறீச்சிட்டது.

குணலட்சுமி அதிர்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை. கூடைக்குள் கிடந்த துவாயை எடுத்து, நாலாக மடித்து, விரித்து, திரும்ப நாலாக மடித்தார்.

ஊசி போட்டுச் சற்றுநேரத்தில் பூனை தளர்ந்தது. டொக்டர் வாயைத் திறந்து விளக்கைப் பிடித்தார். மேல்வாயில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, பாலம் போட்டதுபோல ஒன்று குறுக்கே இறுகியிருந்தது. இடுக்கியால் பிடித்து மெல்ல ஆட்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தில் அது சின்னச் சத்தத்தோடு விழுந்தது. டொக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"கோழியில்லை, சேர். இது மீன்."

"என்ன மீன்?" என்றார் தியாகலிங்கம்.

"பாரை மாதிரிக் கிடக்கு. தலை எலும்பு. புளி விட்டுக் காய்ச்சினது."

தான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதற்கும் பூனையின் வருத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது தியாகலிங்கத்துக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பெரிய பாவத்தைச் சொல்லி அழப் போனவருக்கு, வழக்கு வேறொருவர் பெயரில் என்று சொன்னால் எப்படியிருக்கும்? அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வேறொருவர் யார் என்று யோசித்தபோதுதான் மனைவியின் பக்கம் திரும்பினார்.

துவாய் இப்போது எட்டாக மடிந்திருந்தது.

"புதன்கிழமை நீங்கள் ரவுணுக்குப் போனால் எனக்கு எனக்கெண்டு தனியச் சமைக்க மனம் வாறேல்லை," என்றார் குணலட்சுமி. "பூசிக்கெண்டுதான் வாங்கினது. வேலியாலை. தலையை அதுக்குத்தான் குடுக்கிறனான். நேற்று உங்களுக்குத் தெரியாமல் பொழுதுபட்ட பிறகுதான் குடுத்தனான்."

"மற்றது?"

"மற்றதை எறியேலுமோ?"

தியாகலிங்கம் கிண்ணத்தைப் பார்த்தார். காணாமற்போன சட்டி, சிமியோனின் மோட்டார் சைக்கிள், வேலிக்கரை என்று ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் இருந்துகொண்டன.

"அப்ப சாம்பிராணி?"

"உங்கடை சட்டை மணத்துக்கும் அது உதவினதுதானே," என்றார் குணலட்சுமி.

டொக்டர் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். கழுத்தெலும்பும் வேண்டாம், மீன் தலையும் வேண்டாம். சமைத்த எலும்பு எதுவும் பூனைக்குக் கூடாது. சதையை மட்டும் உப்பு, உறைப்பு இல்லாமல் அவித்து, முள் பார்த்துக் கொடுக்கலாம். தயிர்ச்சோறு மட்டும் கொடுத்துப் பூனை வளர்க்க முடியாது, அதற்கு இறைச்சி வேண்டும். கழுத்தெலும்பு மூன்றும் உள்ளே போயிருப்பதால் இரண்டு நாள் கவனிக்க வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே கொண்டுவர வேண்டும். அவர் சொல்லச் சொல்லத் தியாகலிங்கம் தலையாட்டினார். அரைவாசி அவர் எழுதியதுதான். மற்ற அரைவாசி அவர் எதிர்த்து எழுதியது.

மயக்கம் தெளியும்வரை பூனையை விறாந்தையில் வைத்திருக்கச் சொன்னார்கள். கூடையோடு வந்து வாங்கில் அமர்ந்தார்கள். சீவரத்தினம் எழும்பி இடம் விட்டார். முகத்தில் மிகுந்த அனுதாபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கதிரையில் எப்படி அமர்வது என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட ஒருவரின் அனுதாபம். கிடாயை அவிழ்த்துக்கொண்டு திரைக்குள் போனார்.

இப்போது வாங்கில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

கிடாய் தின்கிறது, ஆனால் தேறவில்லை என்று சீவரத்தினம் சொன்னார். டொக்டர் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் புழு என்றார். மருந்து இப்போதே பருக்கிவிடலாம். மருந்துப் போத்தலைக் குலுக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்டு சொல்லவேணும், ஐயா. இதைப் பருக்கினால் இரண்டு கிழமைக்கு வெட்டக்கூடாது. இறைச்சியிலை மருந்து நிக்கும். திண்ட ஆக்களுக்குக் கூடாது."

"சீச்சீ, இது வெட்டுறதுக்கில்லை, பிள்ளை."

"அப்ப பயமில்லை. வாயைப் பிடியுங்கோ."

கிடாய் திமிறும் சத்தம் கேட்டது. பிறகு சீவரத்தினம், கொஞ்சம் பொறுங்கோ என்றார்.

ஊரில் சிலர் சேர்ந்து ஒரு கிடாயை வெட்டி இறைச்சியைக் கூறுபோட்டு எடுத்துக்கொள்வதற்குப் பங்கு என்று பெயர். தீபாவளிக்குப் பங்கு இல்லாத ஒழுங்கை இல்லை. இந்தக் கிடாயில் பங்குக்குச் சொல்லி வைத்திருந்தவர்களில் ஜீவகாருண்ய சபையின் நிர்வாகக் குழுவில் அரைவாசிப்பேர் இருந்தார்கள். மருந்தைப் பருக்கிவிட்டுப் பேசாமல் இருந்தால், தீபாவளியன்று நிர்வாகக் குழுவுக்கு என்ன நடக்குமோ தெரியாது. பேசினால் வாங்கில் தலைவர் இருக்கிறார். சீவரத்தினம் வங்கியில் பல சிக்கல்களைத் தீர்த்தவர். இப்படியொன்று அங்கே வந்ததில்லை.

"இரண்டு கிழமையெண்டால்," என்றார் கடைசியில், "தீபாவளி தாண்டிப் போகுமோ?"

"தாண்டும்."

"அப்ப இப்ப வேண்டாம்."

"சரி. தீபாவளிக்குப் பிறகு கொண்டு வாங்கோ, பருக்குவம்."

மருந்துப் போத்தலைத் திரும்ப மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பிறகு அதுக்குத் தேவைப்படாது," என்றார் சீவரத்தினம்.

வாங்கு திரும்பவும் கிறீச்சிட்டது. இந்தத் தடவை அதில் இருந்தவர் தியாகலிங்கம்.

சீவரத்தினம் வெளியே வந்து கிடாயைத் தூணில் கட்டினார். கட்டிய முடிச்சைத் திரும்ப அவிழ்த்துக் கட்டினார். பூனை கூடைக்குள் ஒரு கண்ணைத் திறந்து கிடாயைப் பார்த்து, அக்கறையில்லாமல் மூடிக்கொண்டது.

"நல்ல தடிப்பான திரை, தலைவர்," என்றார் சீவரத்தினம். "வெளியிலை ஒண்டுமே கேக்கேல்லை."

"ஓம் அண்ணை," என்றார் தியாகலிங்கம். "இப்பதான் நானும் கவனிச்சனான். சரியான தடிப்பு."

காற்று வீசியது. திரைக்கு அப்பால் டொக்டர் கை கழுவுவதும், மேசையும், கிண்ணத்தில் கிடந்த பாரை எலும்பும் தெளிவாகத் தெரிந்தன.

பூனை இரண்டு நாளும் வாந்தி எடுக்கவில்லை. மூன்றாம் நாளான ஞாயிற்றுக்கிழமை அது மேடைக்கு வரவில்லை. தயாபரி மௌன விரதம் இருப்பதாகத் தலைவர் அறிவித்தார். சபை கை தட்டியது. தலைவர் பதவிக்குத் தியாகலிங்கத்தின் பெயரைச் சீவரத்தினமே முன்மொழிந்தார். அனுபவமுள்ள ஒருவரின் கையில் சபை இருக்க வேண்டும் என்றார். அனுபவம் என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பேசினார். செயலாளர் பதவிக்குச் சீவரத்தினத்தின் பெயரைத் தலைவர் முன்மொழிந்தார். எதிர்ப்பு இல்லை. கூட்டத்தில் ஒருவர் எழும்பி, தன் வீட்டுப் பூனைக்கு மிஞ்சிய எலும்பைப் போடலாமா என்று கேட்டார். தலைவர் அதற்கு மட்டும் நீண்ட விளக்கம் கொடுத்தார். பச்சை எலும்பு, அவித்த எலும்பு, பொரித்த எலும்பு, மீன் தலை எலும்பு மேல்வாயில் எந்த இடத்தில் இறுகும், எப்படி இறுகும் என்று கையால் காட்டினார். இவ்வளவு விபரமாக எப்படித் தெரியும் என்று அந்த மனிதர் வியந்துபோய்க் கேட்டார்.

"வாசிச்சனான்," என்றார் தியாகலிங்கம்.

புதன்கிழமை அவர் யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. கால் உளைவென்று சொன்னார். குணலட்சுமி பரணில் ஏறி, பழைய பாய்ச் சுருளுக்குள் இருந்து ஒரு மண்சட்டியை இறக்கினார். பகல் வேலிக்கரையில் எஞ்சின் ஒருமுறை உறுமியது. மீனில் ஒரு துண்டை உப்பில்லாமல் அவித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து எடுத்தது தியாகலிங்கம்தான். பள்ளிக்கூடங்களை அவர் அவ்வளவு நுணுக்கமாகப் பரிசோதித்ததில்லை. பூனை தின்றுவிட்டு மடியில் ஏறியது. தயிர்ச்சோறு வழக்கம்போல வெள்ளித் தட்டில் வைக்கப்பட்டது, காகங்களும் வழக்கம்போல வந்தன. மாலையில் சாம்பிராணி போட்டார்கள்.

தீபாவளிக்கு முதல்நாள் கிடாய் பங்கானது. தலைவர் வீட்டுப் பங்கைச் செயலாளர் தானே கொண்டுவந்து, வேலியால் நீட்டினார். பொதி சின்னதாக இருந்தது. எலும்பு நீக்கித் தரும்படி தலைவர்தான் கேட்டிருந்தார்.